வணக்கம் ஐயா, வேலை செய்யவில்லை

நான் வேலைக்குப் புறப்படுவது காலை பதினொன்றரைக்கு. எங்கள் அலுவலகத்தின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வெளிநாட்டில் இருப்பதால், அவர்களுடைய நேரத்துக்குத்தான் எங்களுக்கும் பொழுது விடியும். வீடு திரும்ப இரவு எட்டரையாகிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் மற்றவர்கள் குளித்து, சாப்பிட்டு, காலி வீதியில் பஸ்ஸுக்கு இடிபட்டு, அலுவலகம் போய் முதல் தேநீரும் குடித்து முடித்த பிறகுதான் நான் தலை இழுத்துச் சீவத் தொடங்குவேன். அம்மாவுக்கு இது பெரிய வெட்கக்கேடு. லிப்டில் யாராவது "மகள் வேலைக்குப் போயிட்டாவோ?" என்று கேட்டால், "ஓம், வெளிக்கிட்டுக் கொண்டிருக்கிறா" என்பார். நான் அப்போது போர்வைக்குள் இருப்பேன்.

எழுந்ததற்கும் புறப்படுவதற்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில், பால் விடாத ஒரு பிளேன்டீயோடு குசினி மேசையில் உட்கார்ந்து, இணையத்தில் ஒரு குழுவில் பதில் எழுதுவது என் பழக்கம். தமிழில் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கான குழு அது. பெரும்பாலும் இளம் ஆட்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள், வேலை தேடுபவர்கள், சும்மா ஆசைக்கு வந்தவர்கள். இதில் சேவை மனப்பான்மை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகத்தில் என்னிடம் எல்லோரும் "எப்ப முடியும்?" என்று மட்டும்தான் கேட்பார்கள். இந்தக் குழுவில்தான் "ஏன் இப்படி நடக்கிறது?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கே என் தொழில் கொஞ்சம் பிடித்துப்போகும்.

குழுவில் என் பெயர் கிடையாது. குசினி யன்னலுக்குத் தினமும் வருகிற காகத்தை ஒருநாள் படம் பிடித்து அதைத்தான் முகப்பில் போட்டிருந்தேன். காகம் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் என்னை ஆண் என்றே தீர்மானித்துவிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

ஒருநாள் ரோசாப்பூப் படத்தோடு ஒருவர் வந்து எழுதினார்: "வணக்கம். எனது புரோகிராம் வேலை செய்யவில்லை. தயவுசெய்து ஆவன செய்யவும்."

அவ்வளவுதான். கீழே வழக்கமான பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார். ஒருவர் "எந்தப் புரோகிராம்? எங்களுக்கு என்ன சாத்திரமா தெரியும்?" என்றார். இன்னொருவர், வாசித்து முடிக்க ஒரு வருடம் எடுக்கும் ஆங்கிலக் கையேடு ஒன்றின் இணைப்பைப் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு இந்த விதமான கேள்விகளில் ஒரு தனிப் பிரியம். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுகிறவர் சோம்பேறி என்று பலர் நினைக்கிறார்கள். எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் அவர் ஏன் இங்கே வரப்போகிறார்? வயிற்றுக்குள் குத்து என்று டாக்டரிடம் போகிறவரிடம், எந்த உறுப்பு என்று சொல்லிவிட்டு உட்கார் என்று யாரும் சொல்வதில்லை. நான் எழுதினேன்: "வணக்கம். நீங்கள் எழுதியது என்ன, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். திரையை ஒரு படம் எடுத்துப் போட்டாலும் போதும்."

ரோசாப்பூவிடமிருந்து பதில் வந்தது: "வணக்கம் ஐயா. தங்கள் கேள்விகளுக்கான விடைகள் வருமாறு. ஒன்று, எழுத வேண்டியதை எழுதினேன். இரண்டு, வேலை செய்யும் என்று எதிர்பார்த்தேன். மூன்று, அது நடக்கவில்லை."

கூடவே ஒரு படம். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. மனிதர் புரோகிராமைக் கடிதம் அடிக்கும் மென்பொருளில் அடித்திருந்தார். வலது பக்க மேல் மூலையில் திகதி. நடுவில் தடித்த எழுத்தில், அடிக்கோடிட்டு, விடயம். அதன் கீழே நாலு வரி புரோகிராம். கடைசியில் "இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள". அதை அப்படியே கணினிக்குக் கொடுத்து, அது வாய் திறக்கவில்லை என்று கவலைப்பட்டிருக்கிறார்.

சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். அந்த நாலு வரியில் பிழையே இல்லை. யாருடைய உதவியும் இல்லாமல், எங்கோ பார்த்து, எழுத்துக்கு எழுத்து சரியாக அடித்திருந்தார். அதைத்தான் முதலில் சொன்னேன். "உங்கள் நாலு வரியும் சரி. கணினிக்கு மரியாதை தெரியாது, அதனால் மற்றவற்றை அது கட்டளை என்று நினைத்துக் குழம்புகிறது. திகதியும் கையொப்பமும் வேண்டுமென்றால் அந்த வரிகளின் முன்னால் இந்த # குறியைப் போடுங்கள். கணினி அவற்றைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும்." எந்த மென்பொருளில் எழுதுவது என்பதையும் படிப்படியாகச் சொன்னேன்.

மறுநாள் ரோசாப்பூ எழுதினார்: "ஐயா, வேலை செய்துவிட்டது. கையொப்பமும் இருக்கிறது. மிக்க நன்றி."

அதன் பிறகு அவர் என் நிரந்தர மாணவரானார். நாளுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொன்றும் வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடியும். நான் எதையும் முழுதாகச் செய்து கொடுக்காமல் ஒரு படி மட்டும் காட்டினால், மற்றப் படியை அவரே தட்டித் தடவி ஏறிவிட்டு வந்து சொல்வார். அப்படி ஒரு மாணவர் கிடைப்பது அபூர்வம். "என்ர ரோசாப்பூ" என்று அம்மாவிடம் சொல்வேன். "கலியாணம் கட்டின ஆளோ?" என்று அம்மா விசாரிப்பார்.

இனி எங்கள் தொடர்மாடியின் செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் மாடியில் மனைவியோடு இருந்தார். கட்டிடத்தின் முகாமைத்துவக் குழு என்றால் நடைமுறையில் அவர் ஒருவர்தான். லிப்டுக்குள் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டுவார். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும் ஒழுங்கு, குப்பைப் பையின் நிறம், தேங்காய் துருவக்கூடாத நேரம், எல்லாவற்றுக்கும் ஓர் அறிவித்தல். எனக்கும் அவருக்கும் ஆகாது. காரணம், கார்.

எங்கள் கீழ்த்தள வாகனத் தரிப்பிடம் இரண்டு ஒடுங்கிய பாதைகள். ஒவ்வொன்றிலும் கார்களை ஒன்றன்பின் ஒன்றாக, சுவர் வரைக்கும் நிற்பாட்ட வேண்டும். உள்ளே நிற்பவர் வெளியே வருவதென்றால் முன்னால் நிற்பவர்கள் எடுக்க வேண்டும். யாரும் கார்த் திறப்பைச் செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆகவே தினமும் காலையில் ஹோர்ன் சத்தம், தொலைபேசி அழைப்பு, சாரத்தோடு ஓடிவரும் கணவன்மார். தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் மட்டும் தனியாக ஓர் இடம், யாரையும் மறிக்காத இடம். அதில் செயலாளரின் பழைய கார், உறை போர்த்தியபடி நிற்கும். பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் அவர் பஸ்ஸில்தான் போவார்.

ஒரு கூட்டத்தில் அவர் எழுந்து சொன்னார்: "இந்தப் பிரச்சினையை நான் விஞ்ஞான ரீதியாகத் தீர்க்கப் போறன். எல்லாரும் காலமை வெளிக்கிடுற நேரத்தைத் தாங்கோ."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆறேகால், ஆறரை, ஏழு. என் முறை வந்தது.

"பதினொன்றரை" என்றேன்.

"பதினொன்றரைக்கு வேலைக்குப் போறதெண்டால், அது என்ன வேலை பிள்ளை?"

"சம்பளம் தாற வேலைதான் அங்கிள்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு கிழமையில் லிப்டில் அறிவித்தல் ஏறியது. முதலில் புறப்படுகிறவர் வாசலோரம், கடைசியில் புறப்படுகிறவர் சுவரோரம் என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணினி அச்சிட்ட வரிசையில் முதலாவதாக நின்றது நான். பதினொன்றரைக்குப் போகும் என் கார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய டாக்டரின் கார் எனக்குப் பின்னால்.

அடுத்த நாள் விடிய ஆறு மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. செக்யூரிட்டிக்காரர், பாவம், நெளிந்துகொண்டு நின்றார். "மிஸ், வாஹனே பொட்டக் அயின் கரன்ன புளுவன்த?" காரைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கேட்கிறார். இரவு உடுப்புக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு போய் எடுத்து, டாக்டர் போனதும் திரும்ப விட்டேன். ஆறரைக்கு மறுபடியும் கதவு. ஏழுக்கு மறுபடியும். கடைசியில் கீழேயே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் நடைப்பயிற்சி முடித்து, வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார்.

"அங்கிள், ஆர் இந்த வரிசையைப் போட்டது?"

"கொம்பியூட்டர் போட்டது."

"கொம்பியூட்டருக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

"பிள்ளை, விளங்காத விசயத்தில வாய் வைக்கக் கூடாது. இது புரோகிராம். உங்களுக்குச் சொன்னால் விளங்காது."

பதினாறு வருடமாக அந்தத் தொழிலில் சாப்பிடுகிறவள், துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு லிப்டுக்கு நடந்தேன். நித்திரை போதாவிட்டால் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வராது.

மேலே வந்து தேநீரோடு குழுவைத் திறந்தேன். என் ரோசாப்பூ காத்திருந்தார். "வணக்கம் ஐயா. நேரப்படி அடுக்கும் புரோகிராம் எழுதினேன். கணினி 11.30 ஐ 6.15 க்கு முன்னால் போடுகிறது. கணினிக்கு நேரம் பார்க்கத் தெரியாதா? பொதுமக்கள் மத்தியில் அதிருப்தி நிலவுகிறது." கூடவே வழமைபோல் ஒரு படம்.

இந்த முறை அவர் யன்னலுக்கு எதிரே இருந்து எடுத்திருந்தார். கணினித் திரை கண்ணாடிபோல் மின்னியது. அதற்குள், வரிகளுக்கு நடுவே, பனியனோடு, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, கைபேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒருவர் தெரிந்தார்.

அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "ஐயோ! உது எங்கட செயலாளர் எல்லோ!"

படத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தேன். அவரேதான். பிறகு நான் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். விளங்காத விசயத்தில் வாய் வைப்பது பற்றி மிக நல்ல ஒரு பத்தி எழுதினேன். அதைப் போடுவதற்கு முன் அவருடைய கேள்வியை மறுபடியும் வாசித்தேன். அது நல்ல கேள்வி. பழகுகிற எல்லோரும் ஒருநாள் இடறுகிற இடம். என் வாழ்க்கையில் நானும் அதே கல்லில் இடறியிருக்கிறேன். பத்தியை அழித்தேன்.

"கணினி இதை நேரமாகப் பார்க்கவில்லை. எழுத்துகளாகப் பார்க்கிறது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தை முதல் எழுத்தோடு ஒப்பிடுகிறது. 1 என்பது 6 க்கு முன்னால் வரும் அல்லவா? அதோடு முடிவெடுத்துவிடுகிறது. 6.15 ஐ 06.15 என்று எழுதிப் பாருங்கள். என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்."

அன்று பின்னேரமே பதில் வந்தது. "ஐயா, ஒரு பூச்சியத்தின் மகிமையை இன்று அறிந்தேன்."

புதிய அறிவித்தல் ஒட்டப்பட்டது. இப்போது வரிசை சரி. நான் கடைசி, சுவரோரம். அம்மா மெச்சினார். "இனி நிம்மதியாப் படு" என்றார்.

அன்று இரவு எட்டரைக்கு நான் வேலையால் வந்தேன். சுவரோரம் போக வேண்டும். ஆனால் எல்லோரும் எனக்கு முன்பே வந்து, தங்கள் தங்கள் இடத்தில் நின்றுவிட்டார்கள். நான் உள்ளே போவதென்றால் என் பாதையில் நிற்கிற அத்தனை காரும் வெளியே வர வேண்டும். செக்யூரிட்டிக்காரர் மாடி மாடியாக மணி அடித்தார். தொலைக்காட்சி நாடகத்தின் முக்கியமான கட்டத்தில் இருந்து எழுப்பப்பட்டவர்கள் சாரத்தோடும் சோற்றுக்கையோடும் இறங்கி வந்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அதுவே பெரிய ஏச்சாக இருந்தது. கடல் பக்கம் போகும் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும் எங்கள் கார்கள் நின்றன. செயலாளர் நடுவில் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டிக்கொண்டிருந்தார். முகம் வாடிப் போயிருந்தது.

அடுத்த நாள் காலை: "வணக்கம் ஐயா. புரோகிராம் சரியான விடை தருகிறது. ஒடுங்கிய பாதைகளில் வாகனங்களை அதன்படியே நிறுத்தினோம். ஆனால் சனம் ஏசுகிறது. பிழை எங்கே?"

இதற்கு நான் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தேன். பழகுகிறவருக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான். புரோகிராமில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கலாம். புரோகிராம் சரியாக இருந்து, கேட்ட கேள்வி பிழையாக இருந்தால்? எழுதினேன்: "உங்கள் புரோகிராமில் பிழை இல்லை. ஆனால் வாகனங்கள் போவதை மட்டும் பார்த்தீர்கள், வருவதைப் பார்க்கவில்லை. கையில் காப்புப் போடுவதை நினைத்துப் பாருங்கள். கடைசியாகப் போட்டதைத்தான் முதலில் கழற்றலாம். ஒடுங்கிய பாதையும் அப்படித்தான். கணினியை மூடிவிட்டு ஒரு தாளில் வரைந்து பாருங்கள்."

"நான் காப்பு அணிவதில்லை ஐயா. ஆயினும் மனைவியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். தாங்கள் சொல்வது உண்மை. ஆனால் கடைசியாக வந்து கடைசியாகப் போகும் வாகனம் ஒன்று உண்டு. அதை எங்கே விட்டாலும் இடைஞ்சல்."

நான்தான் அந்த இடைஞ்சல்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். எந்த நல்ல ஆசிரியரும் கேட்கக்கூடியதுதான்: கணக்கில் எல்லா வாகனங்களும் இருக்கின்றனவா? ஆனால் விரல் எழவில்லை. இதைக் கேட்பது காகமா, அல்லது மோட்டருக்குப் பக்கத்து இடத்தில் கண் வைத்திருக்கும் நாலாம் மாடிக்காரியா? நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேனா, மனிதரை வளைத்துப் பிடிக்கிறேனா?

"கேளன்" என்றார் அம்மா. "உள்ளதைத்தானே கேக்கிறாய்."

"எனக்கு லாபம் இருக்கெல்லோ அம்மா."

"லாபம் இருந்தால் உண்மை பொய்யாகுமோ? தேத்தண்ணி ஆறுது."

கேட்டேன். ஒரே ஒரு வரி. பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. லிப்டில் அவரைச் சந்தித்தபோது அவர் என்னைப் பார்க்காமல், தன் அறிவித்தலைத் தானே வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத்தான் அந்தரமாக இருந்தது. குழுவில் இருந்து ஒருவரைத் துரத்த ஏச்சுத்தான் வேண்டும் என்றில்லை, ஒரு நல்ல கேள்வியும் போதும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் ரோசாப்பூ மறுபடியும் மலர்ந்தார். "வணக்கம் ஐயா. ஒரு வாகனம் விடுபட்டிருந்தது. அது பெரும்பாலும் அசைவதில்லை. தாளில் வரைந்து பார்த்தேன். அசையாதது சுவரோரம்தான் நிற்க வேண்டும். அதனால் வெறுமையாகும் தனி இடத்தை, கடைசியாக வந்து கடைசியாகப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அந்தப் பிள்ளை கொஞ்சம் வாய்க்காரி. ஆயினும் கணக்கு அப்படித்தான் வருகிறது."

அம்மா குசினி நிலத்தில் உட்கார்ந்து சிரித்தார். நான், காகமாக, ஒழுங்காக எழுதினேன்: "கணக்கு சரி. நீங்களே கண்டுபிடித்தீர்கள். வாழ்த்துகள்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தன் காரின் உறையைக் கழற்றி, தூசு தட்டி, நாலு பேர் தள்ள, சுவரோரம் கொண்டுபோய் விட்டார். முப்பது வருடக் காரை ஒருவர் தடவிக்கொடுத்துவிட்டு வருவதைப் பார்ப்பது சங்கடமான காட்சி. அதைவிடச் சங்கடம் அடுத்த கூட்டம். "இதெல்லாம் என்ர மூளை இல்லை" என்று அவர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். "இணையத்தில ஒரு ஐயா இருக்கிறார். கனடாவில பேராசிரியராய் இருக்க வேணும். எவ்வளவு மொக்குக் கேள்வி கேட்டாலும் கோவிக்க மாட்டார். திணைக்களத்தில நான் முப்பத்தைஞ்சு வருசம் எத்தினை பேரைக் கேள்வி கேட்டதுக்காக ஏசியிருப்பன்! இப்பிடி ஒரு மனுசனை நான் கண்டதில்லை." எனக்குப் பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் எனக்குத் தனிச் செய்தி அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் இருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்திருக்கிறதாம். ஐயா எந்த நாடு, விலாசம் தந்தால் யார் கையிலாவது கொடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். விடவில்லை. விமானத்தில் போகும் ஒருவரையும் பிடித்துவிட்டாராம். இனிமேலும் மறைப்பது அந்த மாம்பழத்துக்கே அடுக்காது என்று பட்டது.

"அங்கிள், நான் ஐயா இல்லை. கனடாவும் இல்லை. நாலாம் மாடி. அந்த வாய்க்காரி."

அவர் வாசித்துவிட்டார் என்று திரை காட்டியது.

நாலைந்து நாள் அவர் படியால் ஏறி இறங்கினார். மூட்டுவலிக்காரர், என்னோடு லிப்டில் வரக்கூடாது என்பதற்காக. பேசாமல் கனடாவிலேயே இருந்திருக்கலாம் என்று நான் வருந்திக்கொண்டிருந்த ஒரு காலையில், பத்து மணியளவில், வாசல் மணி அடித்தது. திறந்தேன். இஸ்திரி போட்ட சேர்ட்டோடு செயலாளர். கையில் கடதாசிப் பை, மாம்பழ வாசம்.

"விமானத்துக்குப் போக வேண்டிய பழம்" என்றார். "இரண்டு மாடி ஏறி வந்திருக்கு."

"உள்ள வாங்கோ அங்கிள்."

வரவில்லை. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார். "பிள்ளை, ஒரு சந்தேகம் இருக்கு. புரோகிராமிலதான். அதை இங்க கேக்கிறதோ, அங்க கேக்கிறதோ?"

நான் யோசித்தேன். "அங்கேயே கேளுங்கோ. உங்களை மாதிரி இன்னும் எத்தினையோ பேருக்கு அதே சந்தேகம் இருக்கும். வாசிப்பினம்."

அவருடைய முகம் தெளிந்துவிட்டது. "அதுதான் நல்லது. அங்க எண்டால் எனக்கு வெக்கமில்லை" என்றார். "ஆனால் நான் அங்க 'பிள்ளை' எண்டு எழுத மாட்டன். மற்ற ஆக்கள் உங்களை மதிக்காயினம்."

பையை என் கையில் வைத்துவிட்டு, லிப்டின் பொத்தானை அமத்திவிட்டுக் காத்து நின்றார்.